போப்பின் இறுதிச்சடங்கில் பெண்கள் நின்ற இடம்

ஒரு பெரிய தலைவர் இறந்தால், அவரைப் பற்றி மற்றவர்கள் பேசுவதைவிட அவரது சடங்கில் யார் எங்கே நிற்கிறார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படும். பேச்சில் எல்லாரும் சமம் என்பார்கள். நாற்காலி போடும்போது அந்தச் சமத்துவம் இருக்காது. வகுப்பில் நான் மாணவிகளுக்குக் கொடுக்கும் ஒரு பயிற்சி உண்டு. வரலாற்றுப் படம் எதைப் பார்த்தாலும் முதலில் தலைகளை எண்ணுங்கள். ஆண்கள் எத்தனை, பெண்கள் எத்தனை? அந்தப் பெண்கள் எந்த உரிமையில் அங்கே இருக்கிறார்கள்? பதவியாலா, உறவாலா, வேலைக்காரியாகவா? கேள்வி எளிமையானது. பதில்கள் நம்மை நெடுந்தூரம் அழைத்துச் செல்லும்.

2025 ஏப்ரல் 26 அன்று ரோமில் புனித பேதுரு சதுக்கத்தில் நடந்த போப் பிரான்சிஸின் இறுதிச்சடங்கை அந்தப் பயிற்சியோடுதான் பார்த்தேன். அவர் ஏப்ரல் 21 அன்று, ஈஸ்டருக்கு மறுநாள், 88 வயதில் இறந்தார். சடங்குக்குச் சுமார் இரண்டரை லட்சம் பேர் வந்தார்கள். பீடத்துக்கு ஒரு பக்கம் சிவப்பு உடையில் இருநூற்றுக்கும் மேற்பட்ட கர்தினால்கள், அவர்களுக்குப் பின்னால் ஆயர்கள், குருக்கள். மறுபக்கம் கறுப்பு உடையில் உலகத் தலைவர்கள்.

தலைவர்களை உட்கார வைப்பதற்கு வாடிகனில் ஒரு முறை இருக்கிறது. அன்றைக்கு முதலிடம் போப் பிறந்த நாடான அர்ஜென்டினாவுக்கு, அடுத்தது இத்தாலிக்கு. பிறகு அரச குடும்பங்கள். அதன்பின் மற்ற நாடுகள் பிரெஞ்சு மொழியின் அகர வரிசைப்படி. பிரெஞ்சில் அமெரிக்காவின் பெயர் 'எத்தாஸ்-யூனி' என்று 'எ'யில் தொடங்குவதால் டிரம்ப்புக்கு எஸ்தோனியாவுக்கும் பின்லாந்துக்கும் நடுவில் முன்வரிசையில் இடம் கிடைத்தது. சடங்கு தொடங்கும் முன் பேராலயத்துக்குள்ளே அவரும் உக்ரைன் அதிபர் ஜெலென்ஸ்கியும் இரண்டு நாற்காலிகளில் எதிரெதிரே உட்கார்ந்து பேசிய படம் உலகமெங்கும் போனது. இந்தியாவில் இருந்து குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு போயிருந்தார். இத்தாலியப் பிரதமர் மெலோனியும், ஐரோப்பிய ஆணையத்தின் தலைவர் உர்சுலா வான் டெர் லெயனும் இருந்தார்கள்.

எண்ணிப் பாருங்கள். கறுப்பு உடைப் பக்கத்தில் பெண்கள் இருக்கிறார்கள், ஆண்களைவிடக் குறைவுதான் என்றாலும். சிலர் மனைவியாக வந்தவர்கள், சிலர் தாங்களே வாக்கு வாங்கிப் பதவிக்கு வந்தவர்கள். சிவப்பு உடைப் பக்கத்தில் எண்ணுவதற்கு வேலையே இல்லை. அங்கே ஒரு பெண்கூட இல்லை.

மனைவியை அனுப்பிய காலம்

கறுப்பு உடைப் பக்கத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 1978இல் இரண்டு மாத இடைவெளியில் இரண்டு போப்புகள் இறந்தார்கள். ஆகஸ்டில் ஆறாம் பால் இறந்தபோது அமெரிக்கக் குழுவுக்குத் தலைமை தாங்கி ரோமுக்குப் போனவர் ரோசலின் கார்ட்டர், அதிபர் ஜிம்மி கார்ட்டரின் மனைவி. அடுத்து வந்த முதலாம் ஜான் பால் 33 நாட்களில் இறந்தார். அவருடைய சடங்குக்கு அதிபரின் அம்மா லிலியன் கார்ட்டர் போனார். அதிபர் இரண்டுக்கும் போகவில்லை. அப்போது அமெரிக்காவுக்கும் வாடிகனுக்கும் முழுமையான தூதரக உறவே கிடையாது. அது 1984இல்தான் ஏற்பட்டது.

2005 ஏப்ரல் 8 அன்று இரண்டாம் ஜான் பாலின் சடங்கு நடந்தபோது நிலைமை மாறியிருந்தது. கம்யூனிச ஆட்சிகளின் வீழ்ச்சியோடு சேர்த்துப் பேசப்படும் போப் அவர். பதவியில் இருக்கும் அமெரிக்க அதிபர் ஒருவர் போப்பின் இறுதிச்சடங்குக்கு வந்தது அதுதான் முதல் தடவை. ஜார்ஜ் புஷ், அவருடைய அப்பா, கிளிண்டன் என்று மூன்று அதிபர்கள் உடலின் முன் மண்டியிட்டார்கள். இங்கிலாந்தின் இளவரசர் சார்லஸ் தன் திருமணத்தையே ஒரு நாள் தள்ளிவைத்துவிட்டு வந்தார். கான்ஸ்டான்டினோபிளின் முதுபெரும் தந்தை பர்த்தலோமேயு வந்தார், கான்டர்பரி பேராயர் ரோவன் வில்லியம்ஸ் வந்தார். பல நூற்றாண்டுகளாகப் பிரிந்து கிடந்த சபைகளின் தலைவர்கள் ஒரே சதுக்கத்தில் நின்றதை உலகம் வியந்து எழுதியது. இந்தியாவின் சார்பில் துணைக் குடியரசுத் தலைவர் பைரோன் சிங் ஷெகாவத் போனார்.

இந்த இரண்டு ஆண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எனக்கு ஒன்று தெரிகிறது. சடங்கின் அரசியல் எடை குறைவு என்று ஆண்கள் நினைத்தபோது மனைவியும் அம்மாவும் போனார்கள். எடை கூடியதும் அவர்களே நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்கள். இரக்கம், துக்கம், பக்தி எல்லாம் பெண்கள் பார்த்துக்கொள்ளும் வேலை. அதே துக்கத்தில் உலக அரசியல் நடக்கப்போகிறது என்றால் அது ஆண்களின் வேலை.

கல்கத்தா, 1997

இதற்கு இன்னொரு சாட்சி நம் நாட்டிலேயே இருக்கிறது. 1997 செப்டம்பர் 5 அன்று அன்னை தெரசா இறந்தார். 13ஆம் தேதி கல்கத்தாவில் இந்திய அரசு முழு மரியாதையுடன் அடக்கம் செய்தது. காந்தியின் உடலையும் நேருவின் உடலையும் சுமந்த அதே பீரங்கி வண்டியில் அவர் உடல் போனது. எந்த அரசுப் பதவியும் இல்லாத ஒரு பெண்ணுக்கு அந்த மரியாதை கிடைத்தது சின்ன விஷயமில்லை.

நேதாஜி உள்ளரங்கத்துக்கு யார் வந்தார்கள் என்று பாருங்கள். அமெரிக்காவில் இருந்து ஹிலாரி கிளிண்டன். ஸ்பெயினில் இருந்து அரசி சோபியா. ஜோர்டானில் இருந்து அரசி நூர். பெல்ஜியத்தில் இருந்து, மறைந்த மன்னரின் மனைவி ஃபபியோலா. பிரிட்டனில் இருந்து கென்ட் கோமகள். அதிபர்களும் வந்தார்கள்தான். ஆனால் படங்களில் நம் கண்ணில் நிற்பது மனைவியரின் வரிசை. பெண் துறவிக்கு அஞ்சலி செலுத்தப் பெண்ணை அனுப்பினால் போதும் என்று பல தலைநகரங்களுக்கு ஒரே நேரத்தில் தோன்றியிருக்கிறது.

சடங்கை நடத்தியது யார்? வாடிகனில் இருந்து வந்த கர்தினால் ஆஞ்சலோ சொடானோ. அன்னை தெரசா 1950இல் சபையைத் தொடங்கினார். அவர் இறக்கும்போது அதில் சுமார் 4,000 சகோதரிகள் இருந்தார்கள். உலகம் முழுக்க இல்லங்களை நடத்தத் தெரிந்த அந்தப் பெண்களில் ஒருவர்கூட தங்கள் தாய்க்கு இறுதித் திருப்பலி நிறைவேற்ற முடியாது. அன்னை தெரசாவே தன் வாழ்நாளில் ஒரு திருப்பலியும் நிறைவேற்றியதில்லை. நோபல் உரையிலேயே கருக்கலைப்பைக் கடுமையாகச் சாடியவர் அவர். பெண்ணியவாதிகளுக்கு அவரோடு வழக்கு உண்டு, எனக்கும் உண்டு. ஆனால் அந்த அரங்கத்தில் நடந்தது அவருடைய கருத்துகளைப் பற்றியது இல்லை. திருச்சபைக்கு மிகவும் கீழ்ப்படிந்த, உலகமே கொண்டாடிய பெண்ணுக்கும் பீடத்தில் இடமில்லை என்பதைப் பற்றியது.

சிவப்பு உடையின் கணக்கு

கத்தோலிக்க திருச்சபையில் இன்று சுமார் 4 லட்சம் குருக்கள் இருக்கிறார்கள். பெண் துறவியர் சுமார் 6 லட்சம். பள்ளி, மருத்துவமனை, அனாதை இல்லம் என்று மக்கள் திருச்சபையை நேரில் சந்திக்கும் இடங்களில் பெரும்பாலும் நிற்பவர்கள் பெண்கள். ஆனால் அடுத்த போப்பைத் தேர்ந்தெடுக்கும் உரிமை 80 வயதுக்கு உட்பட்ட கர்தினால்களுக்கு மட்டும். 2025 மே 7, 8 தேதிகளில் சிஸ்டைன் ஆலயத்துக்குள் போய் வாக்களித்தவர்கள் 133 ஆண்கள்.

பெண்கள் ஏன் இல்லை என்றால் ஒரு சங்கிலிப் பதில் வரும். வாக்களிக்க கர்தினாலாக இருக்க வேண்டும். கர்தினாலாகக் குறைந்தது குருவாகவாவது இருக்க வேண்டும். குருவாக ஆணாக இருக்க வேண்டும். 1994இல் இரண்டாம் ஜான் பால் ஒரு ஆவணம் வெளியிட்டு, பெண்களைக் குருக்களாக்கும் அதிகாரம் திருச்சபைக்கே இல்லை என்று கதவைச் சாத்தினார்.

சங்கிலியின் கண்ணிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பது வரலாறு படிப்பவர்களின் வேலை. போப்பைக் கர்தினால்கள் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது 1059இல் போப் இரண்டாம் நிக்கோலாஸ் போட்ட ஆணை. கர்தினால் என்றால் குருவாகத்தான் இருக்க வேண்டும் என்பது 1917ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில்தான் உறுதியானது. அதற்கு முன் பத்தொன்பதாம் நூற்றாண்டில், வாடிகனின் அரசியலையே கையில் வைத்திருந்த கர்தினால் அந்தோனெல்லி கடைசிவரை குருப்பட்டம் பெறாதவர். 80 வயது வரம்பு 1970இல் வந்தது. ஆக, ஆதியில் இருந்தே இப்படித்தான் என்று சொல்லப்படும் பலவற்றுக்குத் தேதி இருக்கிறது. தேதி இருப்பது மனிதர்கள் செய்தது. மனிதர்கள் செய்ததை மனிதர்களால் மாற்ற முடியும்.

பேதுரு பேராலயத்தில் பெண்களுக்கு இடமே இல்லை என்றும் சொல்ல முடியாது. இறந்த பெண்கள் சிலருக்கு இருக்கிறது. 1077இல் பேரரசர் நான்காம் ஹென்றி போப்பிடம் மன்னிப்புக் கேட்டுப் பனியில் நின்றாரே, கனோசா கோட்டை, அது மத்தில்தா என்ற பெண்ணின் கோட்டை. போப்புகளுக்காகப் படை நடத்திய அவருடைய எலும்புகளை இறந்து ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகு இங்கே கொண்டுவந்து, பெர்னினி வடித்த நினைவுச் சின்னத்தோடு வைத்தார்கள். அரியணையைத் துறந்து ரோமுக்கு வந்த ஸ்வீடன் அரசி கிறிஸ்டினா 1689இல் இறந்தார். எளிமையாக அடக்கம் செய்யுங்கள் என்பது அவர் விருப்பம். அதைக் கேட்காமல் பெரிய ஊர்வலம் நடத்தி, பேராலயத்தின் நிலவறையில் வைத்தார்கள். திருச்சபைக்குப் பயன்பட்ட பெண்ணை இறந்தபின் கொண்டாடுவதில் அதற்கு எந்தத் தயக்கமும் இருந்ததில்லை.

கயிற்றைத் தாண்டி வந்தவர்

இனி என்னை இந்தக் கட்டுரை எழுதவைத்த பெண்ணுக்கு வருகிறேன். ஏப்ரல் 23 அன்று பிரான்சிஸின் உடல் பேராலயத்துக்குக் கொண்டுவரப்பட்டது. கர்தினால்களும் ஆயர்களும் இருவர் இருவராக வந்து வணங்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். அப்போது எளிய உடையில், முதுகில் ஒரு பையோடு, குள்ளமான, எண்பது தாண்டிய ஒரு பெண் துறவி கயிற்றுக்குப் பக்கத்தில் வந்து நின்று அழுதார். அந்த இடம் அவருக்கு உரியது இல்லை. யாரும் அவரைத் துரத்தவும் இல்லை. ஊடகங்கள் அவரை 'நெறிமுறையை மீறிய தோழி' என்று எழுதின. மனதைத் தொடும் படம் என்று பகிர்ந்தார்கள். அதோடு முடித்துக்கொண்டார்கள்.

அவர் பெயர் ஜெனிவியேவ் ஜானிங்ரோஸ். ரோமுக்கு அருகே ஓஸ்தியாவில் சர்க்கஸ்காரர்களும் ராட்டினக்காரர்களும் வாழும் இடத்தில் ஒரு வண்டி வீட்டில் வசித்தவர். அங்கிருந்த திருநங்கைகளைப் போப்பிடம் அழைத்துப்போனவர். அவருடைய சித்தியின் பெயர் லியோனி டுக்கே. இந்த இரண்டாவது பெயர் இல்லாமல் அந்தப் படம் புரியாது.

1976இல் அர்ஜென்டினாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. காணாமல் போனவர்கள் 30 ஆயிரம் பேர் என்று மனித உரிமை அமைப்புகள் சொல்கின்றன. ஆயர்களில் பெரும்பாலோர் வாய் திறக்கவில்லை. 1977 ஏப்ரல் 30 அன்று பியூனஸ் அயர்ஸின் மே சதுக்கத்தில் 14 பெண்கள் கூடினார்கள். எங்கள் பிள்ளைகள் எங்கே என்பது மட்டும்தான் அவர்களுடைய கேள்வி. பிறகு ஒருவரையொருவர் அடையாளம் காணத் தலையில் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டார்கள். அது குழந்தைக்குக் கட்டும் துணி.

அந்தத் தாய்மார்களில் ஒருவர் எஸ்தர் பாலஸ்த்ரீனோ. பராகுவேயில் பெண்கள் இயக்கத்தில் இருந்து, நாடு கடந்து வந்த வேதியியலாளர். ஐம்பதுகளில் அவர் மேற்பார்வை செய்த ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த இளைஞன்தான் ஜார்ஜ் பெர்கோலியோ, பின்னாளில் போப் பிரான்சிஸ். வேலையைக் கவனமாகச் செய்யக் கற்றுக்கொடுத்தவர் என்று அவரைப் பற்றிப் பிரான்சிஸ் பிற்காலத்தில் நன்றியோடு பேசியிருக்கிறார். எஸ்தரின் கர்ப்பிணி மகளை ராணுவம் பிடித்துப்போய், சில மாதங்களில் விட்டுவிட்டது. மகள் கிடைத்துவிட்டாள், நீங்கள் இனி வர வேண்டாம் என்று மற்ற தாய்மார்கள் சொன்னார்கள். மற்ற பிள்ளைகளும் கிடைக்கும்வரை வருவேன் என்று அவர் தொடர்ந்து வந்தார்.

1977 டிசம்பர் 8 அன்று சாந்தா குரூஸ் தேவாலயத்தில் கூடியிருந்தார்கள். காணாமல் போனவர்களின் பெயர்களை நாளிதழில் விளம்பரமாக வெளியிடப் பணம் திரட்டும் கூட்டம். தம்பியைத் தொலைத்தவன்போல் நடித்து அவர்களோடு பழகியிருந்த கடற்படை அதிகாரி ஆல்ஃபிரேதோ அஸ்திஸ் ஆட்களைக் காட்டிக்கொடுத்தார். எஸ்தரும் மரியா போன்சேயும் ஆலிஸ் டொமோன் என்ற பிரெஞ்சுத் துறவியும் பிடிபட்டார்கள். டிசம்பர் 10 அன்று அந்த விளம்பரம் வெளியானது. அன்று காலையில் அசுசேனா வில்லாஃப்ளோரைத் தெருவில் பிடித்தார்கள். அதே நாளில் லியோனி டுக்கேயையும் அவர் வீட்டில் இருந்து இழுத்துப்போனார்கள். மொத்தம் 12 பேர். கடற்படைப் பள்ளியில் சித்திரவதை செய்தபின், விமானத்தில் ஏற்றி உயிரோடு கடலில் வீசும் முறை அப்போது நடந்துகொண்டிருந்தது. அந்த மாதக் கடைசியில் சில உடல்கள் கரை ஒதுங்கின. பெயர் தெரியாதவர்கள் என்று புதைத்தார்கள்.

2005இல்தான், தடயவியல் மானிடவியலாளர்கள் எலும்புகளைப் பரிசோதித்து எஸ்தர், மரியா, அசுசேனா, லியோனி ஆகியோரை அடையாளம் கண்டார்கள். ஆலிஸ் இன்றுவரை கிடைக்கவில்லை. பிடிபட்ட அதே சாந்தா குரூஸ் தேவாலயத்தின் தோட்டத்தில் எஸ்தரையும் மரியாவையும் லியோனியையும் அடக்கம் செய்ய அனுமதி கொடுத்தவர், அப்போது பேராயராக இருந்த பெர்கோலியோ. அசுசேனாவின் சாம்பல் மே சதுக்கத்தில் சேர்ந்தது. சித்தியின் அடக்கத்துக்குப் போன ஜெனிவியேவ், திருச்சபையின் பெரியவர்கள் யாரும் வராததைக் கண்டு பெர்கோலியோவுக்குக் கோபத்தோடு கடிதம் எழுதினார். அவர் தொலைபேசியில் அழைத்தார். அந்தக் கோபத்தில் தொடங்கிய நட்புதான் இருபது ஆண்டுகளுக்குப் பிறகு கயிற்றின் அருகே அழுதது.

நான் இந்த இரண்டு அடக்கங்களையும் சேர்த்தே பார்க்க விரும்புகிறேன். ஒன்றுக்கு உலகத் தலைவர்கள் வந்தார்கள். இன்னொன்றுக்கு ஆயர்கள்கூட வரவில்லை. முதலாவதற்கு வந்து அழுத பெண், இரண்டாவதற்கு ஏன் வரவில்லை என்று கேட்டவர். அவரை வெறும் 'தோழி' என்று எழுதினால் அந்தக் கேள்வி காணாமல் போய்விடுகிறது.

திறந்த கதவு, சாத்திய கதவு

பிரான்சிஸ் பெண்களுக்கு என்ன செய்தார்? நியாயமாகக் கணக்குப் பார்க்க வேண்டும். பாதம் கழுவும் வியாழன் சடங்கில் 2013லேயே பெண்களின் பாதங்களைக் கழுவினார். 2024இல் ரோம் சிறையில் பன்னிரண்டு பேரும் பெண்கள். 2023 ஆயர் மன்றத்தில் முதல்முறையாகப் பெண்கள் வாக்களித்தார்கள். 2025 ஜனவரியில் சகோதரி சிமோனா பிரம்பில்லாவை வாடிகன் துறை ஒன்றின் தலைவராக நியமித்தார். ஒரு பெண்ணுக்கு அந்தப் பதவி அதுவரை கிடைத்ததில்லை. கூடவே ஒரு கர்தினாலை இணைத்தலைவராகவும் போட்டார். மார்ச் மாதம் வாடிகன் நகர ஆட்சிப் பொறுப்பு சகோதரி ரஃபயேலா பெத்ரீனியிடம் வந்தது.

மறுபக்கம், பெண்களுக்குத் திருத்தொண்டர் பட்டம் தரலாமா என்று ஆராய 2016இலும் 2020இலும் குழுக்கள் போட்டார், பட்டம் தரவில்லை. 2024இல் பெல்ஜியத்துக்குப் போனபோது, கருக்கலைப்பு செய்யும் மருத்துவர்களைக் கூலிக்குக் கொலை செய்பவர்களோடு ஒப்பிட்டார். லூவெய்ன் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் பெண்ணின் இயல்பு பற்றி அவர் பேசியதை அந்தப் பல்கலைக்கழகமே ஏற்க மறுத்து அறிக்கை விட்டது. அவருடைய சொந்த நாட்டில் தாய்மார்களின் வெள்ளைத் துணியைப் பின்பற்றிப் பெண்கள் பச்சைத் துணி கட்டிப் போராடி, 2020 டிசம்பர் 30 அன்று கருக்கலைப்பைச் சட்டபூர்வமாக்கினார்கள். வெள்ளைத் துணியை மதித்த போப்புக்குப் பச்சைத் துணியை ஏற்க முடியவில்லை. அவருடைய சடங்கில் முதலிடத்தில் உட்கார்ந்த அர்ஜென்டினா அதிபர் மிலேய், அந்தச் சட்டத்தை வெறுப்பவர், பெண்களுக்கான அமைச்சகத்தை இல்லாமல் ஆக்கியவர்.

இறுதிச்சடங்கில் முதல் வாசகத்தைப் படித்தவர் ஒரு பெண். உடல் புனித மரியா பேராலயத்துக்குப் போனபோது படிகளில் வெள்ளை ரோஜாக்களோடு வரவேற்றவர்கள் ஏழைகள், வீடற்றவர்கள், சிறையில் இருந்து வந்தவர்கள், புலம்பெயர்ந்தோர், திருநங்கைகள் என்று சுமார் நாற்பது பேர். மூன்று பெட்டிகளுக்குப் பதிலாக ஒரே மரப்பெட்டி, கல்லறையில் பெயர் மட்டும். இவை நல்ல மாற்றங்கள். ஆனால் வாசிக்கலாம், வரவேற்கலாம், அழலாம் என்பதற்கும் முடிவெடுக்கலாம் என்பதற்கும் நடுவில் அந்தக் கயிறு இன்னும் கட்டியே இருக்கிறது. பதினொரு நாட்களில் 133 ஆண்கள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அன்று வாடிகனை ஒட்டிய குன்றில் சில பெண்கள் இளஞ்சிவப்புப் புகை விட்டார்கள்.

மாணவிகள் என்னிடம் கேட்பதுண்டு. நமக்குச் சம்பந்தமில்லாத ஒரு மதத்தின், தூர தேசத்துச் சாவை எதற்கு இவ்வளவு படிக்க வேண்டும்? என் பதில் இதுதான். எந்த மதத்திலும் எந்தக் கட்சியிலும் பெரியவர் ஒருவர் இறந்தால் இதே படம் வரும். முன்வரிசையில் அதிகாரம், ஓரத்தில் அழுகை. அழுகிறவளின் பெயரைக் கேளுங்கள். அவள் சித்தியின் பெயரையும் கேளுங்கள். ஜெனிவியேவ் பெயரைத் தேடிப் போனால் லியோனி கிடைக்கிறாள், லியோனியோடு எஸ்தரும் மரியாவும் அசுசேனாவும் இன்னும் கிடைக்காத ஆலிஸும் வருகிறார்கள். முன்வரிசையின் வரலாற்றை எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். இந்த வரலாற்றை நாம்தான் எழுத வேண்டும்.